கடல் தெரியாத கடற்கரை வீடு

மாமா,

இன்று பள்ளியில் ஆண்டு விழாவுக்கு மேடை போட்டார்கள். கடைசி வகுப்புகள் இல்லை என்றதும் எல்லோரும் மைதானத்துக்கு ஓடிவிட்டார்கள். நான் மட்டும் நூலகப் புத்தகத்தோடு ஹாலின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு ஆட்கள் பெரிய துணிச் சுருள் ஒன்றைத் தோளில் சுமந்துவந்து தரையில் போட்டு, காலால் உதைத்து உருட்டினார்கள். துணி விரிய விரிய ஒரு வாசனை எழுந்தது. அந்துருண்டை, கஞ்சி, எந்தக் கல்யாணத்திலோ ஒட்டிக்கொண்டு வந்து காய்ந்துபோன மல்லிகை. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் உங்கள் குடோன் கதவைத் திறந்தால் முகத்தில் வந்து மோதுமே, அதே வாசனை.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. உங்களிடம் சொல்லவேண்டிய நல்ல செய்தி ஒன்று என்னிடம் இருக்கிறது என்பதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் நீங்கள் எந்தக் கதையையும் நடுவிலிருந்து கேட்கமாட்டீர்கள். "மொதல்ல இருந்து சொல்லு, லைப்ரரி" என்று, எனக்கு நீங்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்பீர்கள். அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

போன வருடம் ஈஸ்டர் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நானும் அம்மாவும் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தோம். அத்தை தையல் மிஷினில் மேடைத் துணிக்குக் கொசுவம் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் வாசல்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினீர்கள். இதயம் பாதி பலத்தில்தான் ஓடுகிறது, ஏணி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவரிடம் ஏணி ஏறாதே என்றால் எப்படி?

"அக்கா, அந்த ஊர் வீட்டை ரெடி பண்ணப்போறேன்" என்றீர்கள்.

"எந்த வீடு? கடலோரத்து வீடா? அவ அதுக்குள்ள காலே வைக்கமாட்டாளேடா" என்றாள் அம்மா.

"வைப்பா. எனக்கு அப்புறம் இவளை வாடகை வீட்ல விட்டுட்டுப் போக முடியாது. சொந்தமா நாலு சுவர் அங்கதான் இருக்கு."

"சும்னே இருடா. வாய்க்கு வந்ததெல்லாம் பேசாத." கோபம் வந்தால் அம்மாவுக்குக் கன்னடம் கலந்துவிடும்.

அது அத்தை பிறந்த வீடு. கடலூருக்குத் தெற்கே, கரையை ஒட்டிய மீனவர் ஊரில் இரண்டே அறைகள். கடல் ஊருக்குள் வந்த வருடம் அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. அன்று காலை கரைக்குப் போன அவருடைய அம்மா திரும்பி வரவில்லை. அதன் பிறகு அத்தை பெங்களூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டில் இருந்த அண்ணன் டவுனில் வீடு கட்டிப் போனபோது பழைய வீட்டைத் தங்கைக்கே விட்டுக்கொடுத்தார். இத்தனையும் எனக்கு அம்மா சொல்லித்தான் தெரியும். அத்தை எதையும் சொன்னதில்லை.

அன்றைக்கும் அவர் மிஷினை நிறுத்தாமல் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "உள்ள இருந்து பாத்தா கடல் தெரியக்கூடாது. தெரிஞ்சா அடுத்த பஸ்ல ஏறிடுவேன்."

எனக்குப் பெரிய ஏமாற்றம். கடற்கரை வீடு என்ற சொல்லைக் கேட்டதுமே நான் அம்மாவின் போனில் படங்களைத் தேட ஆரம்பித்திருந்தேன். வெள்ளைச் சுவர், கயிறு சுற்றிய கண்ணாடி, சரம் கோத்த சிப்பி, கடலைப் பார்த்து முழுச் சுவருக்கும் கண்ணாடி. உங்களிடம் காட்டினேன். ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் சூப்பர். ஆனா இந்த வீட்ல எல்லாம் உங்க அத்தை இருக்கமாட்டாளே" என்றீர்கள்.

கோடை விடுமுறையில் நாம் நாலு பேரும் அந்த ஊருக்குப் போய்த் தங்க, வேலை தொடங்கியது. புதிதாக எதையும் வாங்குவதில்லை என்று தீர்மானித்துவிட்டீர்கள். பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கம் இடித்த பங்களா ஒன்றின் கதவு கிடைத்தது. அது வாசலைவிட உயரமாக இருந்ததால் கீழே அறுத்தோம். அறுத்த துண்டு சமையல் மேடைக்கு அலமாரிப் பலகையானது. மணமக்கள் கால் வைக்கும் பலகைகள் இரண்டைச் சேர்த்துக் கட்டில் செய்தீர்கள். குடோனில் இருந்த மிச்சப் பெயிண்ட் டப்பாக்கள் எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் ஊற்றிக் கலக்கினீர்கள். வந்த நிறத்துக்கு எந்தப் புத்தகத்திலும் பெயர் கிடையாது. அவித்த வேர்க்கடலைத் தோல் நிறம் என்று நான் சொன்னேன். சுவரில் அடித்த பிறகு அத்தை எட்டிப் பார்த்து, "கவர்மென்ட் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றார். நான் பொறுக்கிவந்த சிப்பிகளைப் பார்த்து, "இந்தக் குப்பையெல்லாம் எதுக்குடி உள்ள கொண்டாறே?" என்றார்.

பேசினார் என்பதே பெரிது. வந்த முதல் வாரம் அவர் பேசவில்லை. ரோட்டைப் பார்த்த வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பிடும்போதும் கிழக்குப் பக்கம் முதுகைக் காட்டியபடிதான்.

கிழக்குச் சுவரில்தான் அந்தப் பெரிய ஜன்னல் இருந்தது. வெளியே சவுக்குத் தோப்பு. மரங்களின் இடைவெளியில் கடல். "செங்கல் வச்சு அடைச்சிடு, சனியன் விட்டுது" என்றாள் அம்மா. நீங்கள் ஜன்னலுக்கு முன்னால் வெகுநேரம் நின்றீர்கள். பிறகு ரிசப்ஷன் மேடைக்குப் பின்னால் கட்டும் மெரூன் வெல்வெட் துணியை எடுத்துவந்து, மேலிருந்து கீழ்வரை தொங்கவிட்டீர்கள். தங்கப் பொட்டுகள் வைத்த துணி. எந்த நேரமும் ஒரு மாப்பிள்ளை வந்து நிற்பார் போலிருந்தது.

"இது நல்லாவே இல்ல மாமா" என்றேன்.

"நல்லா இல்லதான். ஆனா சுவர் வச்சா அப்புறம் இடிக்கணும் லைப்ரரி. துணின்னா தள்ளினா போதும்."

அத்தைக்குக் கேட்காதபடி மெதுவாகத்தான் சொன்னீர்கள்.

மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வெயிலும் தெரியக்கூடாது, கூரையின் அசிங்கமும் தெரியக்கூடாது என்று கல்யாணப் பந்தலில் செய்வதுபோல வெள்ளைத் துணியைக் கொசுவி, மரச்சட்டங்களில் ஸ்டேப்ளர் துப்பாக்கியால் பின்களை டக் டக்கென்று அடிக்கச் சொன்னீர்கள். ஏணியில் அம்மா, கீழே நின்று கட்டளையிட நீங்கள். முடிந்தபோது உண்மையிலேயே அழகாக இருந்தது. உள்ளே நின்றால் ஒரு மேகத்துக்கு அடியில் நிற்பதுபோல. ஆனால் உங்கள் தொழிலில் எல்லாமே ஒரு ராத்திரி தாங்கினால் போதும். மறுநாள் காலை எப்படியும் பிரித்துவிடுவீர்கள். இது பிரிக்காத மேடை என்பது நம்மில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சில வாரங்களில் ஒவ்வொரு பின்னைச் சுற்றியும் பழுப்புப் புள்ளி வந்தது. அம்மை போட்டதுபோல இருக்கிறது என்று நான்தான் முதலில் காட்டினேன். "அது டிசைன்" என்றீர்கள்.

ஒரு மதியம் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அன்றைக்குக் கடல்காற்று பலமாக இருந்தது. மேலே ஒரு பின் தெறித்த சத்தம் கேட்டது. பிறகு அடுத்தது. பிறகு எண்ணமுடியாதபடி சடசடவென்று. நிமிர்ந்து பார்ப்பதற்குள் மொத்த மேகமும் நம் தலையில் விழுந்தது. எங்கும் வெள்ளை. யார் எங்கே என்று தெரியவில்லை.

"டேய், குழம்பு! குழம்பு கொட்டிடுச்சா பாரு!" அது அம்மாவின் குரல்.

"குழம்பு சேஃப்க்கா. தம்பி உயிரோட இருக்கானான்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"ஏங்க, எங்கங்க இருக்கீங்க?" அத்தை.

"இங்கதான் இருக்கேன். பொண்ணை அழைச்சுட்டு வரச் சொல்லுங்க, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு."

துணிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அத்தை அழுகிறார் என்று பயந்து துணியை விலக்கிக்கொண்டு ஊர்ந்து போனேன். முக்காடு போட்ட மணப்பெண்போல, தலையில் துணியும் கையில் சோறுமாக உட்கார்ந்து அத்தை சிரித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவர் முதல்முறை சிரித்தது அப்போதுதான். சிரிப்பு அடங்கியதும் திட்டு ஆரம்பித்தது.

"இரும்புப் பின் அடிக்கிற ஊரா இது? உப்புக்காத்து தின்னுடும்னு சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன?"

"கேட்டா நீ பஸ் ஏறிடுவியே."

அத்தை கையைக் கழுவிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், வலை பின்னும் நைலான் நரம்பு ஒரு கண்டு வாங்கிவந்தார். துணியில் ஓட்டை போட்டு ஓரம் தைத்தார். அவரே ஸ்டூலில் ஏறி, சின்ன வயதில் அப்பாவின் வலைக்குப் போட்ட முடிச்சுகளால் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார். நீங்கள் கட்டிலில் சாய்ந்து, "அந்தப் பக்கம் கொஞ்சம் லூஸு" என்றீர்கள். "நீங்க வாயை மூடிக்கிட்டுப் படுங்க" என்றார் அவர். மாமா, அன்றைக்கு உங்கள் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் வேலையை உங்கள் கையிலிருந்து ஒருவர் பிடுங்கியதற்கு யாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஆகஸ்டில் ஒரு மழை நாள், பெங்களூர் வீட்டில், சாப்பிட்டுவிட்டு அத்தையிடம் தண்ணீர் கேட்டீர்கள். அவர் கொண்டுவருவதற்குள் போய்விட்டீர்கள்.

நினைவுப் பூசை முடிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் அத்தை இனி எங்கே இருப்பார் என்ற ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள். அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கயும் போகவேணாம், எங்ககூட வந்துடு" என்றாள். அத்தை யோசித்துவிட்டு, "இல்ல அண்ணி. ஆசையா பண்ணின வீடு. போய் இருந்து பாக்கறேன். முடியலன்னா வந்துடறேன்" என்றார்.

தையல் மிஷினோடு அவரை அங்கே விட்டுவிட்டுத் திரும்பினோம். விழுப்புரம் வரைக்கும் அம்மா அழுதுகொண்டே வந்தாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்த மெரூன் துணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அத்தை தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்தால் படிக்கவே ஓடாது. ஒவ்வொரு ஞாயிறும் போனில், "அத்தை, ஜன்னல் திறக்கறீங்களா?" என்று கேட்பேன். "ஜன்னலை உடு, நீ சாப்பிட்டியா?" என்பார். என்றைக்காவது ஒருநாள், முடியவில்லை, வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிடுவார், நீங்கள் செய்ததெல்லாம் வீணாகிவிடும் என்று காத்துக்கொண்டே இருந்தேன்.

போன மாதம் வங்கக் கடலில் புயல் என்று டிவியில் சொன்னார்கள். அத்தையின் போன் அணைந்திருந்தது. திரும்பத் திரும்ப அடித்தோம். அம்மா ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்த நாள் சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"அண்ணி, நான்தான். ஊரே மேட்டுப் பள்ளிக்கூடத்துல இருக்கோம். நேத்தே வந்துட்டோம். சாம்பார் சாதம் போட்டாங்க. உப்பே இல்ல."

அம்மா என்னைப் பார்த்து, "உப்பு இல்லையாம்டி" என்றாள். சொல்லிவிட்டுக் கோவென்று அழுதாள். பிறகு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

சொல்ல வந்த செய்தி இதற்கு அப்புறம் வந்ததுதான், மாமா. புயல் ஓய்ந்து அத்தை வீடு திரும்பியபின் மறுபடி பேசினார். கூரை பத்திரம். அதில் கட்டின துணியில் ஒரு முடிச்சுகூட அவிழவில்லை.

"கரண்டுதான் இன்னும் வரல. ஒரே புழுக்கம். அதான் அந்தத் துணியை ஒதுக்கிட்டேன்."

"எந்தத் துணியை?" அம்மாவின் குரல் மாறிவிட்டது.

"எத்தனை இருக்கு? உங்க தம்பி மாட்டினதுதான். காத்து நல்லா வருது."

"ஏம்மா, அப்போ கடல்..."

"அது பாட்டுக்கு அது இருக்கு அண்ணி. நான் பாட்டுக்குத் தைச்சுட்டு இருக்கேன்."

அவ்வளவுதான். வெங்காயம் விலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, ஸ்கூல் பசங்களுக்கு யூனிஃபார்ம் தைக்க ஆர்டர் வந்திருக்கிறது என்று அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். வைக்கும்போது மட்டும், "ஜன்னல்கிட்ட போட ஒரு சேர் கிடைச்சா கொண்டாங்க. மரமா இருக்கட்டும்" என்றார். அன்றிரவு நான் நெடுநாள் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

போன சனிக்கிழமை அம்மாவும் நானும் சிவாஜிநகரில் பழைய சாமான் கடைகளுக்குப் போனோம். நான் ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து பார்த்தேன். "என்னா பாப்பா, வாங்க வந்தியா, தூங்க வந்தியா?" என்றார் கடைக்காரர். "அவ மாமா மாதிரி" என்று அம்மா அவரிடம் சொன்னாள், ஏதோ அவருக்கு உங்களைத் தெரியும் என்பதுபோல.

ஒவ்வொரு கல்யாணத்திலும் மேடை முடிந்ததும் முதல் ஆளாக மணப்பெண்ணின் நாற்காலியில் நீங்கள் போய் உட்காருவீர்கள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "வர்றவங்க எல்லாம் மேடையைப் பாப்பாங்க. இந்தப் பொண்ணு இவ்ளோ நேரம் எதைப் பாத்துட்டு உக்காந்திருக்கும்?" என்றீர்கள். பிறகு எதிரே கண்ணைக் கூசவைத்த விளக்கைத் திருப்பி வைக்கச் சொன்னீர்கள்.

அந்த ஜன்னலின் அடிக்கட்டை எனக்கு எந்த உயரத்தில் இருந்தது என்று நினைவுபடுத்திக்கொண்டு, கடை வாசலில், ஆட்டோக்கள் போகும் ரோட்டைப் பார்த்தபடி, ஒவ்வொரு நாற்காலியிலும் அதைக் கண்ணுக்கு முன்னால் வைத்துப் பார்த்தேன். ஒன்று மிக உயரம். அதில் உட்கார்ந்தால் கடலைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாது. இன்னொன்று மிகத் தாழ்வு. கடைசியில் கை வைத்த தேக்கு நாற்காலி ஒன்று கிடைத்தது. பிரம்பு ஓரிடத்தில் மட்டும் விட்டிருந்தது. அதில் நிமிர்ந்து உட்கார்ந்தால் சவுக்கு மரங்களுக்கு நடுவே கடல் தெரியும். வேண்டாம் என்றால் பின்னால் சாய்ந்துகொள்ளலாம். வானம் மட்டும்தான் இருக்கும்.

நான் எழுந்து அம்மாவிடம், "இதுதான்" என்றேன்.