இன்ஸ்பெக்டருக்கு வைத்த பொங்கல்

786
பாலக்கரை, 25-2-1928

ம.ரா.ரா.ஸ்ரீ ஹெட்மாஸ்டர் சடகோபாச்சாரியார் அவர்களுக்கு,

உங்கள் ராஜினாமா கிடைத்தது. எட்டாம் வகுப்புக்குள் நான் வந்ததும், பிள்ளைகள் எதிரில், "பாடம் நடக்குது, வெளியே இருங்க" என்றீர்கள். நானும் கோபத்தில், "இது எங்க ஜமாஅத் கட்டின ஸ்கூல்!" என்று கத்திவிட்டேன். அதற்கு ராஜினாமாவா? இனி உங்களோடு பேச்சே கிடையாது. அதனால்தான் பக்கத்து அறையிலிருந்து கடிதம்.

மூன்றாம் தேதி இன்ஸ்பெக்டர் இன்னாசிராஜ் வருகிறார். அவர் சிபாரிசு எழுதினால்தான் நாம் ஹைஸ்கூல் ஆவோம். அதுவரை போகாதீர்கள். மனிதர் சாப்பாட்டுப் பிரியராம். ரமலானில் எங்கள் தெருவில் பகலில் அடுப்பு எரியாது. டிபன் உங்கள் பொறுப்பு.

காரியதரிசி,
ஷேக் தாவூது ராவுத்தர்

ஸ்ரீ
ஸ்ரீரங்கம், 26-2-1928

காரியதரிசி அவர்களுக்கு அநேக நமஸ்காரம்.

பேச்சே கிடையாது என்று சொல்ல ஒரு கடிதமா? பேஷ்!

எங்கள் ஊர் அழகியமணவாளன் வந்து பொங்கல் செய்வார். கெட்டிக்காரர். ஒரே சங்கடம், பெருமாளுக்குச் சமைத்துப் பழகியவர். ருசி பார்க்கிற வழக்கமே கிடையாது. அன்று ஏகாதசி, நான் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டேன். ருசி பார்க்க உங்களில் ஒருவரை அனுப்புங்கள்.

பாடம் நடக்கும்போது கலெக்டரே வந்தாலும் வெளியேதான். மூன்றாம் தேதிக்குப் பிறகு நான் இல்லை.

சடகோபன்

786
பாலக்கரை, 27-2-1928

ஐயா,

நோன்பு வைத்தவனைப் பொங்கல் ருசி பார்க்கச் சொல்கிறீர்களே, நல்லா இருக்கு நியாயம்! ரசூல் வாத்தியார் முதல் அத்தனை பேரும் நோன்பு. சமையல்காரர் கையை நம்புவோம்.

போகிறேன் போகிறேன் என்று எழுதவேண்டாம். வாசிக்கக் கஷ்டமாக இருக்கிறது.

ஷேக் தாவூது

ஸ்ரீ
பாலக்கரை, 3-3-1928

காரியதரிசி அவர்களுக்கு,

நீங்களும் கூடத்தான் இருந்தீர்கள். ஆனாலும் எழுதாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. நெய் மணக்க மணக்கப் பொங்கல் வைத்தோம். "நீங்க சாப்பிடலையா?" என்றார் இன்ஸ்பெக்டர். நான் ஏகாதசி என்றேன், நீங்கள் நோன்பு என்றீர்கள். "எனக்கும் தவக்காலம். ஒரு வேளைதான்" என்றாரே! கிறிஸ்தவருக்கும் உபவாசம் உண்டென்று நம் இரண்டு மண்டைக்கும் உறைக்கவில்லை பாருங்கள். போகிற பள்ளிக்கூடமெல்லாம் சாப்பிடு சாப்பிடு என்று அவரைப் பிடுங்கி எடுக்கிறார்களாம். இங்கேதான் நிம்மதியாக இருந்தாராம். சிபாரிசும் எழுதிவிட்டார்.

அவர் வண்டி ஏறிய பிறகு பியூன் பிச்சமுத்து ஒரு வாய் வைத்துத் துப்பினான். "சாமி, ஒரே உப்புக் கரிப்புங்க!" விசாரித்தேன். காலையில் நான் சமையல்காரரிடம் போய், "உப்பை மறந்துடாதேயும்" என்றேன். பின்னாலேயே நீங்களும் போய் அதையே சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு பேர் வார்த்தையையும் தட்டாமல் மனிதர் இரண்டு தரம் போட்டிருக்கிறார். நாம் பேசிக்கொண்டிருந்தால் ஒரு தரத்தோடு போயிருக்கும். நல்லவேளை, இன்ஸ்பெக்டர் வாயில் வைக்கவில்லை.

பொறுப்பை ரசூலிடம் ஒப்படைக்கட்டுமா? தெரிவிக்கவும்.

சடகோபன்

786
பாலக்கரை, 3-3-1928

சாமி,

ராஜினாமாவைக் கிழித்துப் போட்டுவிட்டேன். எட்டாம் வகுப்பில் நீங்கள் சொன்னதுதான் சரி, என் பேச்சு தப்பு. நாளைக்கே பிள்ளைகள் காதுபட அதைச் சொல்கிறேன், வாசலுக்கு வெளியே நின்று.

நீங்கள் இல்லாத ஹைஸ்கூல் எனக்கு வேண்டாம். நீங்களும் போய்விட்டால், இந்தப் பாலக்கரையில் நான் யாரோடுதான் பேசாமல் இருப்பது?

ஷேக் தாவூது