வாத்தியாருக்குப் போடாத ஊசி

1931 ஐப்பசி 9

ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்கள் தரையிலெல்லாம் படுத்திருக்கிறார்கள். நீரிழிவு ஊசிக்கு வந்த பள்ளிக்கூட வாத்தியாரை, "இந்தக் காய்ச்சல் கூட்டம் அடங்கட்டும், அப்புறம் வாங்க" என்று மூன்று நாளாகத் திருப்பி அனுப்பினேன். இன்சுலின் அலமாரியில்தான் இருந்தது. மருந்து, ஊசி எல்லாம் பார்க்கும் டிரெஸ்ஸர் நான் ஒருவன்தான்; எனக்குத்தான் அலுப்பு.

இன்று அவர் வகுப்பிலேயே சுருண்டு விழுந்தார். ஓடிப்போய் ஊசி போட்டேன். மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப லாரியில் ஏற்றினோம்.

அவர் மனைவி அழுதுகொண்டே கேட்டார்: "டிரெஸ்ஸர் ஐயா, தெனமும் ஊசி போட்டீங்கதானே?"

"போட்டேம்மா."

வாத்தியார் பாதிக் கண் திறந்து என்னைப் பார்த்தார். "போட்டாரு லா. அவரப் போயி கேக்குறியே" என்று மனைவியை அதட்டினார்.

லாரி செலண்டார் சாலையில் திரும்பும்வரை நின்றேன். பின்னால் ஓடி உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஓடவில்லை.