நாற்பது அடி காணவில்லை

மார்ச் 1, வெள்ளி

காலை முழுக்க வெயிலில் நின்று ஓர் எல்லைக்கல்லைத் தேடினேன். கல் இருந்தது. அதன்மேல் ஒருவர் தண்ணீர்த் தொட்டி கட்டியிருந்தார். "தொட்டி முன்னாடியே இருந்துச்சுங்க, கல்லுதான் அப்புறம் வந்துச்சு" என்று சத்தியம் செய்தார். இருபத்திரண்டு வருஷமாக நிலம் அளக்கிறேன். கல் நடந்து வந்த கதையை மாதம் ஒரு முறையாவது கேட்டுவிடுகிறேன்.

மாலை மகளின் போன். படிப்பு முடிந்து 31ஆம் தேதி வீட்டுக்கே வந்துவிடுகிறாள். வந்ததும் பள்ளித் தோழிகளோடு சேர்ந்து ஏதோ விளையாட்டு ஆரம்பிக்கப் போகிறாளாம். பலகையும் காயும் வேண்டாம். பகடை, பென்சில், பேச்சு போதுமாம். வாள், மந்திரம், பாழடைந்த சுரங்கம் என்று ஒரு கற்பனை உலகம், அதில் ஆளுக்கொரு பாத்திரம். "அதுல பழைய பாணின்னு ஒண்ணு இருக்கும்மா. அதுக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம்னு சித்தப்பாகிட்ட கேட்டுச் சொல்லு. அவர் காலேஜ் நாள்லேர்ந்து விளையாடுறவர்."

நீயே கேளேன் என்றேன். "அவர் போனை எடுத்தாத்தானே?" என்றாள்.

சித்தப்பா என்றால் என் கொழுந்தன். லிஃப்ட் மெக்கானிக். மனைவியோடு ஒத்துவராமல் ஏழு மாதம் முன்பு ஒரு பையோடு வந்தவன், மகளின் அறையில் இருக்கிறான். எதையும் பாதியில் விடுவது அவனுக்குக் கைவந்த கலை. எங்கள் கேட்டின் இடது பாதி பச்சை, வலது பாதி துரு. மிக்ஸியைக் கழற்றினான், மாட்டவில்லை. 31ஆம் தேதிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்ல வேண்டும். இவர் சொல்ல மாட்டார். பஸ் ஓட்டும்போது ஊரையே திட்டுகிறவருக்குத் தம்பியின் முன்னால் மட்டும் வாய் திறக்காது. ஆக, நான்தான். சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறேன் என்பதைத் தவிர அவனிடம் நான் பேசி எத்தனை நாளாகிறது?

மார்ச் 3, ஞாயிறு

அறை விஷயத்தைச் சொல்லத்தான் போனேன். நாக்கு புரளவில்லை. மகள் கேட்டதைக் கேட்டேன்.

அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தை எடுத்து வந்தான். ஐம்பது பக்கம் கூடத் தேறாது. "தடிப்புத்தகம் எல்லாத்துக்கும் விதி வெச்சிருக்கும் அண்ணி. இது வெச்சிருக்காது. நீங்க கேக்கணும், நான் சொல்லணும், ரெண்டு பேரும் ஒத்துக்கணும். சொன்னாப் புரியாது. பத்து நிமிஷம் உக்காருங்க."

மூன்று பகடை, ஆறு முறை. வந்த எண்கள்தான் என் பாத்திரத்தின் பலம், அறிவு எல்லாம். பலம் ஐந்து. மறுபடி உருட்டட்டுமா என்றேன். "வந்தது வந்ததுதான்" என்றான். பிறகு ஒரு பழைய நோட்டை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான். "கல் படி கீழ இறங்குது. இருட்டு. எங்கேயோ தண்ணி சொட்டுது. என்ன செய்றீங்க?"

என்ன செய்யலாம் என்று கேட்டேன். "என்ன வேணா" என்றான்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். படியை எண்ணுகிறேன் என்றேன்.

அவன் சிரித்தான். ஏழு மாதத்தில் முதல் தடவை. "இருபது வருஷத்துல ஒருத்தர்கூடப் படியை எண்ணினதில்ல அண்ணி." அப்புறம் நோட்டைத் திருப்பி, விரலால் ஒரு வரியைக் காட்டினான். மங்கிப்போன மையில், சின்னப் பையன் கையெழுத்தில்: படிகள் முப்பத்தேழு.

யாருமே கேட்காத எண். இருபது வருஷமாக அந்த நோட்டில் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குக் கை சிலிர்த்துவிட்டது. விளையாட்டுக்கா? நாற்பத்தாறு வயதில்? ஆமாம், சிலிர்த்தது.

மார்ச் 4, திங்கள்

அலுவலகத்தில் மாடி ஏறும்போது படியை எண்ணினேன். இருபத்தொன்று. எத்தனை வருஷமாக ஏறுகிறேன், தெரியாமலே இருந்திருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

காலை பத்து மணிக்கு உட்கார்ந்தோம். இவரும் வந்தார். மாடி வீட்டுப் பல் டாக்டரையும் கூப்பிட்டேன். பாவம், ஞாயிற்றுக்கிழமை தனியாகத்தான் இருப்பாள். இவர் தன் வீரனுக்கு இடிமுழக்கன் என்று பெயர் வைத்தார். முதல் கதவைத் தோளால் இடித்துத் திறந்தார். மேலிருந்து கல் விழுந்தது. கொழுந்தன் எல்லார் கண்ணெதிரிலும் பகடையை உருட்டினான். இடிமுழக்கன் காலி. ஆட்டம் தொடங்கிப் பதினைந்து நிமிடம் ஆகவில்லை.

"டேய், நான் உன் அண்ணன்டா!"

"கல்லுக்குத் தெரியாதுண்ணே."

ஐந்து நிமிடத்தில் இரண்டாம் இடிமுழக்கன் வந்து சேர்ந்தார். டாக்டர் நேர்மாறு. பத்தடிக் கம்பு ஒன்றை வாங்கிக்கொண்டு எந்தப் பொந்திலும் அதை விட்டுக் குத்திப் பார்த்த பிறகே கையை நீட்டுகிறாள். "வாய்க்குள்ள கைய விடுறவளுக்குத்தான் தெரியும்க்கா, எது எப்பக் கடிக்கும்னு."

வரைபடம் போடுவது என் வேலை. கட்டம் போட்ட தாள், ஒரு கட்டம் பத்தடி. அவன் வாயால் சொல்லச் சொல்ல நான் வரைய வேண்டும். தவறாக வரைந்தால் திருத்த மாட்டான், அதுதான் பழைய வழக்கமாம். மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. அவன் ஓர் அறையைச் சொல்கிறான். டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். இவர் நாற்காலியின் நுனியில் இருக்கிறார். மேஜைமேல் இருப்பது தாளும் டீ கிளாஸும். ஆனால் நாங்கள் நாலு பேரும் ஒரே இருட்டுக்குள் நின்றுகொண்டிருந்தோம். சாப்பாட்டு மேஜையில் தலைநிமிராத இந்த மனிதனுக்குள்ளா இவ்வளவு பெரிய இடம் இருந்தது?

ஒன்று கவனித்தேன். நோட்டில் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டைச் சேர்த்துச் சுற்றிலும் ஸ்டேப்ளர் அடித்து மூடியிருக்கிறான். ஊசியெல்லாம் துருப்பிடித்திருந்தது. என்னவென்று கேட்டேன். "அதுக்கு இன்னும் நேரம் வரல அண்ணி" என்றான்.

மார்ச் 13, புதன்

மகளின் செய்தி: கேட்டியா இல்லியா? இவரும் கேட்கிறார், தம்பியிடம் சொல்லிவிட்டாயா என்று. நான் என்ன, எல்லார் வேலைக்கும் ஏவல் ஆளா? கேட் இன்னும் பாதிதான்.

மார்ச் 17, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

சுரங்கத்தில் ஒரு பெரிய சுற்று சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தோம். வரைபடத்தைக் கூட்டினேன். வடக்கு நடைபாதைக்கும் தெற்கு நடைபாதைக்கும் இடையே நூற்றிருபது அடி. அதற்குள் வரிசையாக மூன்று அறைகள்: முப்பது, முப்பது, இருபது. ஆக எண்பது. மீதி நாற்பது எங்கே?

மூன்று தரம் கூட்டினேன். எங்கள் தொழிலில் முதல் பாடமே இதுதான்: நிலம் எதையும் ஒளிக்காது, அளந்து சொல்கிறவர்தான் தப்பு செய்வார். அவனைக் கேட்டேன். "நீங்க பாக்குறதைத்தான் நான் சொல்ல முடியும் அண்ணி" என்றான். மறுபடி கேட்டேன். அதையே சொன்னான். இவர் நடுவே புகுந்து சுவர் தடிமனாக இருக்கும் என்றார். நாற்பதடிக்கு எவன் சுவர் வைப்பான்?

எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது எனக்கு?

"நாப்பது அடியை முழுங்கிட்டு முழுங்கலன்னு சாதிக்கிற. எதையாவது முழுசா செஞ்சிருக்கியா தம்பி நீ? கேட்டு பாதி, மிக்ஸி பாதி, குடும்பம் பாதி."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்ன வாயாலேயே, முப்பத்தொன்றாம் தேதிக்குள் அறை வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன். டாக்டர் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் நோட்டை மூடினான். "நீங்க அளந்ததுல தப்பில்ல அண்ணி" என்றான். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டான்.

கொட்டிய வார்த்தையை அள்ள முடியுமா?

மார்ச் 18, திங்கள்

காலையில் அறை காலி. போர்வை மடித்திருந்தது. மிக்ஸி மாட்டியிருந்தது. ஓடுகிறது.

இவர் என்னோடு பேசவில்லை.

மார்ச் 21, வியாழன்

இன்று கடைவீதியில் ஒரு பழைய கட்டடம். அண்ணன் தம்பி இருவருக்குப் பாகம் பிரிக்க வேண்டும். வெளிச்சுவர் அறுபத்திரண்டு அடி. உள்ளே அறைகளைக் கூட்டினால் ஐம்பத்திநாலு. உதவியாளர் தப்பாகப் படித்துவிட்டார் என்று அவரிடம் சிடுசிடுத்தேன். மறுபடி அளந்தோம். அதே எட்டடி குறைந்தது.

கடைக்காரர் பின்னாலிருந்து சொன்னார்: "உள்ள ஒரு மாடிப்படி இருக்குங்கம்மா. அப்பா காலத்துலயே ரெண்டு பக்கமும் சுவர் வெச்சு அடைச்சாச்சு." விரலை மடக்கிச் சுவரைத் தட்டிக் காட்டினார். பானையைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது.

டேப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

கடவுளே. நாற்பது அடி தொலையவில்லை. அங்கேயே இருக்கிறது. சுவருக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. யாரும் எண்ணாத படிக்கட்டுக்கு எண் எழுதி வைத்தவன் நாற்பது அடியை விட்டுவிடுவானா? இது எனக்கு ஏன் தோணல? ஏன்டி தோணல உனக்கு?

அதைவிடப் பெரியது இன்னொன்று. "அங்க ரகசிய அறை இருக்கு அண்ணி" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் நான் வாயடைத்துப் போயிருப்பேன். அவன் சொல்லவில்லை. எல்லார் எதிரிலும் அவ்வளவு கேவலமான பேச்சைக் கேட்டுக்கொண்டு, வீட்டைவிட்டே போனான். சொல்லியிருந்தால் அந்த அறையைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு எனக்குப் போயிருக்கும். அதற்காக.

இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். ஒரு கல்லை ஓரடி நகர்த்த ஊரைக் கூட்டிப் பொய் சொல்கிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருவன் என் வீட்டில் ஏழு மாதம் சாப்பிட்டிருக்கிறான். எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

அவன் லிஃப்ட் கம்பெனியின் கிடங்கில் படுக்கிறான் என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் கேட்கவில்லை என்பதால் சொல்லவில்லையாம். இவரும் டாக்டரும் நானும் பத்து மணிக்குப் போய் நின்றோம். கம்பிச் சுருள்களுக்கு நடுவே பாய் விரித்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து, உட்காரச் சொல்ல நாற்காலி இல்லாமல் தவித்தான்.

நான் தரையிலேயே உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு நான் பேசினது தப்பு தம்பி. அந்தக் கடைசி வார்த்தை மன்னிக்கிற வார்த்தை இல்ல. இருந்தாலும் கேக்குறேன், மன்னிச்சுடு."

"விடுங்க அண்ணி" என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீ?"

"சொல்லியிருந்தா நீங்க கண்டுபிடிச்சிருக்க மாட்டீங்களே."

அதற்குமேல் பேசினால் அழுதிருப்பேன். வரைபடத்தை விரித்தேன். மூன்றாவது அறையின் தெற்குச் சுவரில் பென்சிலை வைத்தேன். இந்த இடத்தைத் தட்டிப் பார்க்கிறேன் என்றேன்.

அவன் பையிலிருந்து நோட்டையும் பகடையையும் எடுத்தான். "எதால தட்டுறீங்க?" என்றான்.

"என் கம்பாலதான்" என்றாள் டாக்டர்.

பகடையை உருட்டினான். பார்த்தான். "சத்தம் வேற மாதிரி கேக்குது. உள்ள காலியா இருக்கு."

இவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். கொழுந்தன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நோட்டில் அந்தத் துருப்பிடித்த ஊசிகளை ஒவ்வொன்றாக நெம்பினான். மொத்தம் பதினொன்று, எண்ணினேன். "பத்தொன்பது வயசுல எழுதி மூடினேன் அண்ணி. எத்தனையோ பேர் விளையாடினாங்க. எல்லாரும் அந்தச் சுவரைத் தட்டாமலே தாண்டிப் போயிட்டாங்க. உள்ள என்ன எழுதினேன்னு எனக்கே பாதி மறந்துபோச்சு."

பக்கம் பிரிந்தது. தாளின் உள்பக்கம் இன்னும் வெள்ளையாக இருந்தது. படித்தான். மெதுவாக, அவனும் முதல்முறை பார்க்கிறவனைப் போல:

"நாப்பது அடி அறை. தூசியில ஒரு காலடிகூட இல்ல. நடுவுல ஒரு கிணறு. எட்டிப் பாக்குறீங்க. தண்ணி இல்ல. கீழ... வானம் இருக்கு. நட்சத்திரமா இருக்கு."

வெளியே லாரி ஒன்று பின்னோக்கி வரும் பீப் சத்தம். பூமிக்குள் முப்பத்தேழு படி இறங்கி, சுவரைத் தட்டி, குனிந்து பார்த்தால் வானம். பத்தொன்பது வயதில் ஒருவன் அதை எழுதி மூடி வைத்துவிட்டு, யாராவது அளந்து பார்க்க வருவார்களா என்று காத்திருந்திருக்கிறான். எனக்குத் தலை சுற்றியது, நிஜக் கிணற்றில் எட்டிப் பார்த்ததுபோல.

"என்ன செய்றீங்க?" என்றான்.

"குதிக்கிறேன்" என்றார் இவர். நானும் டாக்டரும் சேர்ந்து கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

மார்ச் 27, புதன்

என் வரைபட அறையைக் காலி செய்தேன். சுருள்களெல்லாம் இப்போது எங்கள் கட்டிலுக்கடியில். பதினோரு அடிக்கு ஒன்பது அடி. கொழுந்தனுக்கு ஒரு கட்டில், ஓர் அலமாரி தாராளமாகப் பிடிக்கும். இவர் அளந்து பதினொன்றரை அடி என்றார். டேப்பை இழுத்துப் பிடிக்கத் தெரியாதவர்.

மார்ச் 31, ஞாயிறு

மகள் வந்துவிட்டாள். பெட்டியை வைத்ததும் முதல் கேள்வி: "ஒரு மாசமாக் கேக்குறேன், எந்தப் புத்தகம்மா வாங்குறது?"

இருப்பதிலேயே மெலிசானதை வாங்கு என்றேன். பகடையை எல்லார் முன்னாலும் உருட்டுகிற ஆளாகப் பார்த்துக் கதை சொல்ல நடுவே உட்கார வை. வந்த எண்ணை மாற்றாதே. அப்பா மாதிரி கதவை இடிக்காதே. கூட்டல் இடித்தால், சொல்கிறவர்மேல் பாயாமல் எழுந்து போய்ச் சுவரைத் தட்டு.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அம்மா, நீ விளையாடுனியா?"

பதில் சொல்லுமுன் வரைபட அறையிலிருந்து குரல் வந்தது. "அண்ணி, பத்து மணி ஆச்சு. நாலாம் இடிமுழக்கன் கிணத்துல பாதி தூரம் தொங்கிட்டு இருக்காரு."

போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட் இன்னும் பாதி பச்சை, பாதி துருதான். மகளுக்கும் ஒரு பென்சில் எடுத்துக்கொண்டு போனேன்.