அம்மாவிடம் ஜெசிந்தா சொன்னது

வெள்ளிக்கிழமை, இரவு.

ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு ஸ்ரீரங்கத்து வீட்டுச் சாப்பாடு அனுப்பும் எங்கள் வெப்சைட்டை இன்று காலை திறந்தோம். கொஞ்ச நேரத்திலேயே படுத்துவிட்டது. யார் ஆர்டர் கொடுத்தாலும் பக்கம் சுற்றிக்கொண்டே நின்றது. அதை எழுதியவள் நான்தான். எங்கே தவறு என்று எனக்கே பிடிபடவில்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நாங்கள் எடுத்திருக்கும் அறையில் மூச்சு முட்டியது. தண்ணீர் பிடிக்க வெளியே போனேன். மாடிப்படியில் ஜெசிந்தா அவள் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். என்னை நம்பிக் கல்லூரி வேலையை விட்டுவிட்டு வந்தவள்.

"சைட் சூப்பரா ஓடுதும்மா. நீங்க கவலைப்படாதீங்க."

சத்தமில்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்தேன். மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. கடைசியில் கண்ணில் பட்டது. சோதனைக்காகப் புரோகிராமில் போட்ட ஒரு வரியை எடுக்க மறந்திருக்கிறேன். எடுத்ததும் முதல் ஆர்டர் விழுந்தது, இரண்டு தயிர்சாதம். ஜெசிந்தா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

"அம்மாகிட்ட ஏன்டி பொய் சொன்ன?" என்றேன்.

"பொய் இல்லடி. கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டேன், அவ்வளவுதான்."

சிரித்துவிட்டேன். ஆனால் நாளைக்கும் ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் அம்மாவே ஆர்டர் போட்டுப் பார்க்கப்போகிறாராம்.

ஓடும். அவள் சொல்லிவிட்டாளே.