முடியும்வரை தொடங்காத திருவிருந்து

கருமத்தம்பட்டி
9 ஜூலை 1996

பிரியமுள்ள செல்விக்கு,

நம் ஆண்டவருடைய சமாதானம் மஸ்கட்டில் உன்னோடும், உன் வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் குறைமாதக் குழந்தைகளோடும் இருப்பதாக. இங்கே நானும் நம் மகள் லின்சியும் சுகம். அவளுக்குக் காலாண்டுக்கு முந்திய தேர்வில் கணக்கில் எண்பத்திரண்டு. அளந்து ஊற்றினாற்போல் தூறல் மட்டும் போடுகிறது. கிணற்றில் தண்ணீர் ஏறவில்லை.

நான் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல. ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலில் ஒன்று நடந்தது. இரண்டு நாளாக யாரிடமும் அதைப் பேச முடியவில்லை.

சபைச் செயலாளராக நான் போன வருஷம் போட்ட விதி உனக்குத் தெரியும். ஆராதனை ஏழரைக்கு. பாவ அறிக்கை ஜெபம் தொடங்கிய பிறகு வருகிறவர்களுக்குத் திருவிருந்து கிடையாது. என் கையால் பலகையில் எழுதி வாசலில் மாட்டினேன். தாமதமாக வந்து நின்றவர்களிடம், கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய கடிதத்தைச் சொல்லி, அபாத்திரமாய் இந்தப் பந்திக்கு வரக்கூடாது என்று எச்சரித்தும் அனுப்பினேன். ஒழுங்கைக் காக்கிறேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

புதிய ஆயர் அருள்குமார் புதன்கிழமை மாலைகளில் அதே கடிதத்தைத்தான் வகுப்பாக நடத்துகிறார். ஜூன் பத்தொன்பதாம் தேதி பதினோராம் அதிகாரம் வந்தது. விசைத்தறிக் குடோனில் வேலை செய்யும் பாவாத்தாள், இரவு ஷிப்ட்டுக்குப் போகும் வழியில், கையில் சோற்றுத் தூக்குப்போசியோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஞானஸ்நானம் பெற்று ஒரு வருஷம் ஆகிறது. ஆயர் கேட்பதற்கு முன்பே நான் எழுந்து அந்த எச்சரிக்கையை விளக்கினேன். முடித்ததும் பாவாத்தாள் மெதுவாகக் கேட்டாள்.

“ஏனுங்க, அபாத்திரம்னா பாத்திரம் கொண்டு வராம வாரதுங்களா? நீங்க அன்னைக்குச் சொன்னதுலருந்து நான் மாசாமாசம் ஒரு டம்ளரக் கழுவிப் பையில வெச்சுட்டுத்தானுங்க வாரேன். அப்பவும் உள்ள விடலீங்க.”

யாரும் சிரிக்கவில்லை, செல்வி. நம் ஊர் டீக்கடைகளில் யாருக்குத் தனி டம்ளர் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு மாதம் அவள் வாசலில் நின்றிருக்கிறாள். ஒரு முறைகூட அவள் கையில் அப்பம் விழவில்லை. அதை நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை.

ஆயர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தகுதியில்லாதபடி என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள் என்று அவளிடம் சொல்லிவிட்டு, அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் உள்ளதை எல்லோரையும் வாசிக்கச் சொன்னார். கொரிந்துவில் அப்போது கோயில் கட்டிடம் கிடையாதாம். வசதியானவர் வீட்டில் கூடுவார்களாம். ஓய்வு உள்ளவர்கள் முன்னதாக வந்து உண்டு குடித்து முடித்துவிடுவார்கள். இல்லாதவர்கள் பசியோடு நிற்பார்கள்.

அவர்கள் ஏன் தாமதமாக வந்தார்கள் என்று பாவாத்தாள் கேட்டாள். அவர்களில் அடிமைகளும் கூலிக்காரர்களும் இருந்திருப்பார்கள், எஜமானின் வேலை முடிந்தால்தானே கிளம்ப முடியும், ஞாயிற்றுக்கிழமை அப்போது விடுமுறையும் இல்லை என்றார் ஆயர்.

“அப்ப எங்களாட்டந்தானுங்க,” என்றாள் அவள். ஷிப்ட்டுக்கு நேரமாகிறது என்று போசியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அந்த அதிகாரத்தைத் திரும்ப வாசித்தேன். முப்பது வருஷமாக வாசிக்கும் பக்கம்தான். பவுல் கோபப்பட்டது தாமதமாக வந்தவர்கள்மேல் அல்ல, முந்திக்கொண்டவர்கள்மேல். கடைசியில் அவர் சொல்லும் பரிகாரமும் மிகச் சிறியது: கூடி வரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள், அவ்வளவுதான். எங்கோ கடல் கடந்த ஊருக்கு, ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் எழுதிய கடிதம், கருமத்தம்பட்டியில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தது. எவ்வளவு நேரம் முழங்காலில் இருந்தேன் என்று தெரியாது. மறுநாள் பலகையைக் கழற்றினேன். தறிக்காரர்கள் வந்த பிறகே பந்தி என்று கமிட்டியிலும் சொன்னேன். முணுமுணுப்பு இருந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டார்கள்.

ஷிப்ட் எட்டு மணிக்கு முடியும், எட்டே கால் போல வந்துவிடுவார்கள் என்பது கணக்கு. இந்த ஞாயிறு பார்த்து, முந்தின இரவு ஒன்றரை மணி நேரம் கரண்ட் இல்லை. விட்டுப்போன நெசவை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று முதலாளி நிறுத்திவிட்டார். எங்களுக்கு அது தெரியாது. பிரசங்கம் முடிந்தது. ஆயர் வெள்ளைத் துணி மூடிய பீடத்தின் அருகே போய் உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்திருந்தோம்.

எட்டரை ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. யாராவது எழுந்து போவார்கள், அதோடு இந்த ஏற்பாடு உடைந்துவிடும் என்று நான் பயந்தேன். உண்மையைச் சொன்னால், முதலில் எழுந்துவிடுவேனோ என்று என்னைப் பற்றியே பயந்தேன். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். சர்க்கரை வியாதிக்கார பாக்கியநாதன் ஐயாவுக்கு நெற்றி வேர்த்தது. லின்சி தண்ணீர் கொண்டு போனாள். அவர் இரண்டு மிடறு குடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவிநாசி ரோட்டில் லாரிகள் போகிற சத்தம் மட்டும் வந்தது. பாட்டில்லை, ஜெபமில்லை. ஆனால் அப்படியொரு ஆராதனையில் நான் இதுவரை இருந்ததில்லை. கோயில் முழுவதும் யாரோ நிறைந்து நிற்பதுபோல் இருந்தது. நிமிர்ந்து பார்க்கத் துணியவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு கேட் சத்தம் கேட்டது. எட்டுப் பேர். தலையெல்லாம் பஞ்சு, கண்ணெல்லாம் சிவப்பு. பாவாத்தாள் வாசப்படியிலேயே நின்றாள்.

“ஏனுங்க, முடிஞ்சு போச்சுங்களா?”

நான்தான் வாசலருகே இருந்தேன்.

“இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க. உங்களுக்காகத்தான் உக்காந்துட்டு இருக்கறோம்.”

உங்களுக்காக என்று யாரைச் சொல்கிறேன் என்று அவள் திரும்பித் தன் பின்னால் பார்த்தாள், செல்வி. அதற்குள் சபை முழுவதும் எழுந்து நின்றுவிட்டது. யாரும் சொல்லவில்லை, தானாக எழுந்தார்கள். பீடத்தண்டை அவளுக்கு அடுத்ததாக நான் முழங்காலிட்டேன். அவள் குடித்த அதே பாத்திரத்தை ஆயர் துடைத்துத் தந்த பிறகும் விளிம்பில் ஒரு பஞ்சு இழை இருந்தது. அதோடுதான் குடித்தேன்.

இனி எழுதக் கூசுவதை எழுதுகிறேன். அந்தக் குழந்தைகளை விட்டு வர மனமில்லை, இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறேன் என்று ஏப்ரலில் நீ எழுதினாய். மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்று அதே பவுலின் இன்னொரு கடிதத்திலிருந்து ஒரு வரியை வெட்டி உனக்கு அனுப்பினேன். அதற்கு அடுத்து, மனைவியில் அன்புகூர வேண்டும் என்று புருஷனுக்கு எழுதியிருப்பதை வசதியாக விட்டுவிட்டேன். அதன்பின் உன்னிடமிருந்து கடிதம் இல்லை. வாசலில் மாட்டிய பலகையும் உனக்கு எழுதிய வரியும் ஒரே கையெழுத்து என்பது ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

இரண்டு வருஷம் இருந்து வா. லின்சியை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்கு எதுவும் எழுதத் தோன்றாவிட்டாலும், வெறும் தாளையாவது மடித்து அனுப்பு. மேலே விலாசம் உன் கையெழுத்தில் இருந்தால் போதும்.

அந்தச் சின்ன உயிர்களைத் தாங்கும் உன் கைகளைக் கர்த்தர் தாங்குவாராக.

உன்,
ஞானமுத்து