மருமகள் அறைக்குக் கூரை வரவில்லை

மார்ச் 4, திங்கள்

இன்று முழுக்கக் கூரை. கூரை வரவில்லை, கூரை பாதிதான் வந்தது, கூரை வந்தது ஆனால் பக்கத்து வீட்டின் மேல் வந்தது. வீடு வரையும் மென்பொருளை விற்கிறவர்கள் நாலாம் மாடியில் மலையைப் பார்த்தபடி காபி குடிக்கிறார்கள். வாங்கியவர்களிடம் திட்டு வாங்க நாங்கள் அடித்தளத்தில். இந்த அல்மாத்தி நகரத்திலேயே மலை தெரியாத அலுவலகம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

கடைசி அழைப்பு தராஸ் ஊரிலிருந்து. பேர் யெர்சாயின், மாட்டு டாக்டராம். அம்மாவுக்குப் புது வீடு கட்டப் போகிறாராம். எடுத்ததும், "தங்கச்சி, இதுக்கு எங்கயோ வலிக்குது. எங்கன்னுதான் சொல்ல மாட்டேங்குது" என்றார். திரையைப் பகிரச் சொல்லிப் பார்த்தேன். வடகிழக்கு மூலையில் இரண்டு சுவரும் தொடவில்லை. முடி நுழைகிற இடைவெளி. சுவர் மூடாவிட்டால் அதை அறை என்றே மென்பொருள் ஒத்துக்கொள்ளாது. அறை இல்லை என்றால் கூரை ஏது? பெரிதாக்கிக் காட்டி, சுவரின் முனையை இழுத்து ஒட்டச் சொன்னேன். கூரை பட்டென்று வந்து உட்கார்ந்தது.

"வந்துருச்சு! வந்துருச்சு!" என்று கத்தினார். கன்று பிறந்தால் இப்படித்தான் கத்துவார் போல. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழைப்பெல்லாம் பதிவாகிறது, சிரிக்கக் கூடாது என்பது ஒராஸ்பெக் அண்ணன் சட்டம். அவர்தான் எங்கள் மேலாளர். பதிவுகளை உட்கார்ந்து கேட்பார், பாவம்.

மார்ச் 6

மறுபடி தராஸ். சோபா தரைக்குள் முழுகிவிட்டது. உயரத்தில் கழித்தல் குறி விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். "தங்கச்சி, சேத்துல சிக்குன எருமையக்கூட இழுத்திருக்கேன், இது வரமாட்டேங்குது" என்றார். நல்ல குரல் அந்த ஆளுக்கு.

மார்ச் 12

நல்ல குரல் என்று போன வாரம் எழுதியதை அடித்துவிடலாமா?

இன்று கட்டில் ஆகாயத்தில் மிதக்கிறது என்று கூப்பிட்டார். மேல்தளத்துக்கான உயரத்தைக் கீழ்த்தள அறையில் கொடுத்திருக்கிறார். கட்டிலைத் தரையில் இறக்கிவிட்டு அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னேன். நடுவில் அழகாகப் பெயர் எழுதியிருக்கிறது — "மருமகள் அறை".

அம்மா வீட்டில் மருமகள் அறை. அப்படியென்றால் இவருக்குக் கல்யாணம். பெண் பார்த்தாயிற்று, கட்டில் வரைக்கும் போட்டாயிற்று.

"வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே மின்தூக்கியில் ஒலிக்கிற அறிவிப்பு மாதிரி இருந்தது.

மார்ச் 13

எனக்கென்ன.

மார்ச் 22, நவ்ரூஸ்

விடுமுறை. தில்னாஸும் நானும் வாடகை அறையில் புத்தாண்டுக் கஞ்சி காய்ச்சினோம். வேலையிலும் அவள் பக்கத்து நாற்காலிதான், தூங்குவதும் பக்கத்துக் கட்டில்தான், ஆகவே எதையும் ஒளிக்க முடியாது. "ஏண்டி அக்போட்டா, கஞ்சிய கிண்டுறியா இல்ல யாரையாவது திட்டுறியா?" என்றாள்.

மாட்டு டாக்டருக்குக் கல்யாணம் என்றேன்.

"யாரு சொன்னா?"

"வரைபடம் சொல்லிச்சு."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும். முகம் தெரியாத ஒருவர், மூன்றே அழைப்பு, அதற்குள் கஞ்சியில் உப்புப் போட மறந்துவிட்டேன். என் வயதுக்கு இது நியாயமா?

மார்ச் 28

மருமகள் அறையின் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று கேட்கிறார்!

"பொதுவா உள்பக்கம்" என்றேன்.

"நீங்களா இருந்தா எப்படி வைப்பீங்க?"

"யாரா இருந்தாலும் ஒரே விதிதான்."

பிறகு, "சுவர் பக்கம் சாய்ஞ்சு திறந்தா அலமாரிய இடிக்கும். அவங்களுக்குத் தொந்தரவா இருக்குமோன்னு..." என்றார். அவங்களாம்! கதவைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தேன். அலமாரியை இரண்டடி தள்ளியும் வைத்தேன். அந்தப் பெண் சௌகரியமாக இருக்கட்டும்.

இப்போதுதான் ஒன்று உறைக்கிறது. இன்று அவர் ஒரு தடவைகூட "தங்கச்சி" என்று சொல்லவில்லை. போன அழைப்பிலும் இல்லையே? பெண் நிச்சயமான மனிதன் தங்கச்சியை ஏன் விடுகிறான்? பிடித்துக்கொண்டு அல்லவா இருக்க வேண்டும்?

ஏப்ரல் 13, சனி

கடவுளே. எங்கிருந்து ஆரம்பிப்பது!

சனிக்கிழமைப் பணி எனக்கும் தில்னாஸுக்கும் முறை. காலையில் தராஸ், அதுவும் முகம் தெரிகிற அழைப்பு. திரையில் வீடு இல்லை, நிஜ மண். இருபது முப்பது பேர் மண்வெட்டியோடு. கூட்டாக அஸ்திவாரம் தோண்ட உறவெல்லாம் வந்திருக்கிறது, ஒரு பக்கம் ஆடு வேகிறது. முளையடித்துக் கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிறு வேலியைத் தாண்டி நேராகப் பக்கத்து வீட்டு வெங்காயப் பாத்திக்குள் போகிறது. பாத்தி நடுவில் பக்கத்து வீட்டம்மா, இடுப்பில் கை.

"எனக்கும் ஒரு ரூம் போட்டிருக்கீங்களா, இல்ல வெங்காயத்த மட்டும் எடுத்துக்கிறீங்களா?"

யெர்சாயின் முகத்தை அப்போதுதான் பார்க்கிறேன். காது வரை சிவந்து, தொப்பி கோணி. நான் நினைத்ததைவிட ஒல்லி. "அக்போட்டா, வீடு வீங்கிடுச்சு" என்றார். பெயர் சொல்லி!

வரைபடத் தாளைக் கேமரா முன் பிடிக்கச் சொன்னேன். பெரிய தாள். அளவு எண் ஒன்றுகூட இல்லை. மென்பொருளில் அளவு எண்கள் மட்டும் தனி அடுக்காக இருக்கும், அதை மறைத்து வைத்தே அச்செடுக்கக் கொடுத்திருக்கிறார். கடைக்காரர் சின்னத் தாளுக்கான படத்தைத் தாள் நிறையட்டும் என்று இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார். எண் இல்லையே என்று மாமா ஒருவர் அடிக்கோலை எடுத்து, மூலையில் எழுதியிருந்தபடி ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மீட்டர் என்று அளந்து முளையடித்துவிட்டார். வீடு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. மதியம் கான்கிரீட் வண்டி வருகிறது!

அவர் கைப்பேசியிலிருந்தே வரைபடத்தை அனுப்பச் சொல்லி, என் திரையில் அந்த அடுக்கைத் திறந்து, ஒவ்வொரு சுவராகச் சத்தமாகப் படித்தேன். அங்கே ஆட்கள் முளையைப் பிடுங்கிப் பிடுங்கி நட்டார்கள். என் குரலைக் கேட்டு இருபது பேர் ஓடுகிறார்கள்! எழுந்து நின்றே கத்திக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, தில்னாஸ் சொன்னாள். வெங்காயம் தப்பித்தது.

அப்போது தலைத்துணி கட்டிய ஓர் அம்மா கைப்பேசியைப் பிடுங்கி முகத்தருகே வைத்துப் பார்த்தார்.

"நீதானா அந்தப் பொண்ணு? இப்ப எந்த ரூம சொன்ன?"

"மருமகள் அறைம்மா. மூணரை மீட்டருக்கு நாலு."

"எங்கேம்மா இருக்கா மருமக! வீடு கட்டுனா எவளாவது வருவான்னுதான் கட்டுறோம். கடைக்குட்டி இவன், கடைசி வரைக்கும் எங்கூடத்தான் இருக்கணும். மாட்டத் தவிர எதுகிட்டயும் பேச வராது இவனுக்கு. கேட்டா ரூம் ரெடியாகட்டும்ங்கிறான்."

பின்னால், "அம்மா, அது ரெக்கார்டு ஆகுதும்மா!" என்று அலறல்.

மருமகள் இல்லை. மருமகளே இல்லை! மதியம் சாப்பிட மறந்து, டிராலி பஸ்ஸில் ஏறி, எதிர்த்திசையில் ரொம்ப தூரம் போய்விட்டேன். இறங்கவும் தோன்றவில்லை.

ஏப்ரல் 25

அழைப்பு இல்லை. அதற்கு நானேதான் காரணம். சுவரெல்லாம் மூடி, படியெல்லாம் ஏறி, கட்டிலெல்லாம் தரையில். ஒரு கோளாறும் மிச்சம் வைக்காமல் சரி பண்ணிக் கொடுத்திருக்கிறேனே, எதைச் சொல்லிக் கூப்பிடுவார்? இவ்வளவு நன்றாக வேலை செய்திருக்க வேண்டாம்.

மே 2

கூப்பிட்டார்! கூப்பிட்டார்!

கூரை வரவில்லையாம். பார்த்தால் அதே வடகிழக்கு மூலை. நான் ஒட்டிக் கொடுத்த சுவர் இப்போது விலகியிருக்கிறது. முடி நுழைகிற இடைவெளி இல்லை, மாடு நுழைகிற இடைவெளி. இது தானாக நடக்காது. கையால் இழுத்து வைத்தால்தான் நடக்கும்.

"இது எப்படி ஆச்சு?"

"தெரியல. காலைல பார்த்தா இப்படி."

பொய் சொல்லத் தெரியாத குரல். நானும் தெரியாத மாதிரி மெதுவாக, ரொம்ப மெதுவாக, சரி பண்ணினேன். நடுவில் கேட்டார்: "அந்த மருமகள் அறை. அதுல எதையாவது மாத்தணும்னா எதை மாத்துவீங்க?"

ஒராஸ்பெக் அண்ணன் காது நினைவுக்கு வந்தது. ஆனாலும் சொன்னேன். "பெயர மாத்துவேன். வர்றவளுக்குன்னு ஒரு பேரு இருக்கும்ல. அதைப் போடலாம்."

"என்ன பேரு போடலாம்?"

"அது வாடிக்கையாளர் விருப்பம்" என்றேன். வேறு என்ன சொல்வேன், பதிவாகிறதே!

மே 6, திங்கள்

புகார்: எழுத்து சரியாகத் தெரியவில்லை.

திரை திறந்தது. கீழ்த்தளம். சமையலறை, அம்மா அறை, கூடம். அப்புறம், மூணரைக்கு நாலு அறை, நடுவில் — அக்போட்டா.

மறுமுனையில் ஏதோ ஒரு மாடு கத்தியது. என் அம்புக்குறி திரையில் தத்தித் தத்தி ஓடியது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

கடைசியில், "எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கு" என்றேன். "பெரிசாக்கலாம்."

"பெரிசாக்கலாமா?"

"ஆக்கலாம்."

நானே ஆக்கினேன். அறைக்கு அடங்காமல் கூடம் வரைக்கும் வந்துவிட்டது.

சந்தோஷமாக இருக்கிறேன். வேறு எப்படி எழுதுவது? தில்னாஸைத் தூக்கிச் சுற்றினேன், அவள் என்னைவிடக் கனம்.

மே 8

ஒராஸ்பெக் அண்ணன் கூப்பிட்டார். மேசையில் தராஸ் புகார்கள் மட்டும் தனி அடுக்காக.

"ஒரே வீட்டுக்கு இத்தனை கோளாறா? நம்ம சரக்கு மட்டமா, இல்ல வேற ஏதாவதா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"எல்லாத்தையும் கேட்டுட்டேன். மாடு கத்தினது உட்பட. இனிமே அந்த வாடிக்கையாளர தில்னாஸ் பாத்துப்பா. நீ எடுக்கக் கூடாது." கோபமாகவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. யெர்சாயின் எண்ணை எடுத்து நானாகக் கூப்பிட்டால் வேலை போய்விடும், அதுவும் சட்டம். அவரிடம் என் எண் இல்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எண்ணைச் சொல்லியிருக்கலாமே! மெண்டல்.

நான் எடுக்கவில்லை என்றால் எழுத்தைப் பெரிசாக்கியது பொய் என்று நினைத்துக்கொள்வாரோ? ஒதுக்கிவிட்டாள் என்று நினைப்பாரோ?

மே 10

தில்னாஸ் எடுத்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வைத்துவிட்டுச் சொன்னாள்:

"'அவங்க இல்லையா'ன்னு கேட்டாரு. வேற ஆளுக்கு மாத்திட்டாங்கன்னேன். என்ன கோளாறுன்னு கேட்டேன். ஒண்ணும் இல்ல, உடம்பு தேவலைன்னுட்டாரு."

"அவ்ளோதானா?"

"ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறக்கும்னு கேட்டாருடி."

இரண்டு நாள் விடுமுறை வேறு வருகிறது. எப்படித் தூங்குவேன்?

மே 13, திங்கள்

காலையில் அடித்தளப் படியில் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். தலைத்துணி, பட்டுக் கோட்டு, கையில் பொரித்த ரொட்டி மூட்டை. அன்று கைப்பேசியைப் பிடுங்கிய அதே அம்மா! ரிஸ்தி என்று பெயரைச் சொல்லிக்கொண்டு ஒராஸ்பெக் அண்ணன் முன்னால் போய் நின்றார்.

"புகார் குடுக்க வந்தேன். இங்கதான குடுக்கணும்?"

"சொல்லுங்கம்மா, என்ன கோளாறு?"

"வீட்டுல ஒரு ரூம் காலியா நிக்குது. படத்துல பேரு போட்டிருக்கு, ஆளக் காணோம்."

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. ரிஸ்தி அம்மா என் நாற்காலி அருகே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். அன்று கைப்பேசியில் கேட்ட அதே குரல்தான், இன்று கொஞ்சம் தணிவாக.

"எம்மகன் வெளிய நிக்கிறான். உள்ள வரக் கூச்சமாம். மாட்டுக்கு ஊசி போடறவனுக்கு என்ன கூச்சமோ. இந்தாம்மா, இது எங்க மாமியா எனக்குப் போட்டது. கேட்டுட்டுத்தான் போடுவேன். வேணாம்னா சொல்லிடு, ஒரு டீயக் குடிச்சிட்டு பஸ் ஏறிடுறேன். உம்மேல எனக்கு வருத்தமே இருக்காது."

கைக்குட்டையைப் பிரித்தார். வெள்ளித் தோடு. மாமியாராக வருகிறவர் கையால் தோடு ஏறிவிட்டால் எங்கள் வழக்கப்படி பேச்சு முடிந்தது, நிச்சயம் ஆனது மாதிரி. தில்னாஸ் என் தோளை நசுக்கிக்கொண்டிருந்தாள். என் வரிசையில் அழைப்பு மணி அடித்தபடியே இருந்தது. ஒராஸ்பெக் அண்ணன் குனிந்து, என் கணினியில் இடைவேளைப் பொத்தானை அழுத்திவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நான் ஹெட்போனைக் கழற்றினேன்.

மே 14

ஷிம்கென்ட்டிலிருந்து ஒரு பெரியவர். கூரை வரவில்லையாம். சுவர் எல்லாம் மூடியிருக்கிறதா பாருங்கள் ஐயா என்றேன். "எதுக்கும்மா சிரிக்கிற?" என்றார்.

தோடு நல்ல கனம். ஹெட்போன் அதன்மேல் அழுத்தி, மதியத்துக்குள் இரண்டு காதும் சிவந்துவிட்டன. வேலை நேரத்திலாவது கழற்றி வையேண்டி என்றாள் தில்னாஸ். போடி என்றேன்.