புள்ளியில்லா ஓலையும் சங்குத்துறைக் கலகமும்

வளம் பெருகுக; வானம் பொழிக. திரைவளநாட்டு வேந்தரும் முத்துக்கரை ஏழுக்கும் காவலருமாகிய கோ இளந்திரையத் தேவரின் திருமுன், சங்குத்துறைப் பட்டினத்துத் துறைநாயகன் ஓரியூர்க் கிழான் சாத்தன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. கடம்பமாநகரில் தேவரும் தேவியாரும் பட்டத்து யானையும் நலமே என நம்பி, இங்குக் கடலும் குடிகளும் நலமே என அறிவிக்கிறான். கலகம் நடந்த துறையில் நலம் ஏது என்று தேவர் புருவம் நெரிக்கக்கூடும். அதை விளக்கவே இவ்வோலை.

முத்துக்கரையைக் கடற்கொள்ளையரிடமிருந்து காக்க, திரைவேந்தி என்னும் போர்க்கலம் நான்கு திங்கள் பயணத்துக்கு ஆயத்தமானதைத் தேவர் அறிவர். அதற்குத் தலைவராகத் தேவர் அனுப்பியருளியவர் சேந்தன் மாடலனார். குதிரைப்படையில் பேர்பெற்ற வீரர், பொய் அறியாதவர். கருவாட்டு வாசம் மட்டும் அவருக்கு ஆகாது. கலம் துறை நீங்குமுன் கருவாட்டு மூட்டைகளை ஏற்றுக என்று அரண்மனையிலிருந்து ஓலை வந்தது. மாடலனார் அதை எற்றுக, அதாவது தூக்கி எறிக, என்று வாசித்தார்.

எகரக் குறிலுக்குத் தலையில் புள்ளி உண்டு, நெடிலுக்கு இல்லை என்பது எழுத்து முறை. அரண்மனை எழுத்தரோ ஓலை கிழியுமென்று அஞ்சி எதற்குமே புள்ளி குத்துவதில்லை. ஆகவே சுமையைக் கலத்தில் ஏற்றுவதும், அதைத் தூக்கி எற்றிவிடுவதும் ஓலையில் ஒரே முகம் காட்டும். தம் மூக்கின் மேல் தேவர் காட்டிய கருணை இது என்று மாடலனார் மகிழ்ந்து, முன்பே ஏற்றியிருந்த இருபது மூட்டைகளையும் முகத்துவாரத்தில் வீசச் செய்தார். கடற்காகங்கள் மூன்று நாள் அவ்விடம் விட்டு நகரவில்லை.

பன்னிரண்டு நாள் மாலுமிகள் வெறும் புளித்தண்ணீரில் சோறு பிசைந்து உண்டார்கள். போர்க்கலத்தில் தூண்டில் போடுவது படைக்கு இழுக்கு என்று தலைவர் மீன் பிடிப்பதையும் தடுத்தார். பாயை இழுக்கும்போது பாடும் ஏலப்பாட்டையும் கூச்சல் என்று நிறுத்தினார். குதிரைகள் பாடாமல்தானே ஓடுகின்றன என்பது அவர் எண்ணம். பாட்டில்லாமல் அறுபது பேர் ஒருசேர வடம் இழுப்பதெப்படி? ஆளுக்கொரு பக்கம் இழுத்து, பெரிய பாய் இரண்டு முறை கிழிந்தது.

பதின்மூன்றாம் நாள் காலை எவனும் வடத்தைத் தொடவில்லை. மீகாமன் சுறவன் சுக்கானைத் திருப்பினான். தலைவரின் மேல் ஒரு விரலும் படவில்லை. அலைத்துளி தெறிக்கும், உள்ளே அமருங்கள் ஐயா என்று அவரை மெத்தையில் அமர்த்தினார்கள். தேவரின் கொடியும் இறங்கவில்லை. கலம் ஏலப்பாட்டு முழங்கச் சங்குத்துறைக்குத் திரும்பியது. அறுபது பேரும் இறங்கி, தாங்களே வந்து துறைநாயகன் முன் கைகட்டி நின்றார்கள். சுறவன் சொன்னதை அவன் சொன்னபடியே இங்கு எழுதுவதைத் தேவர் பொறுத்தருள வேண்டும்.

“ஐயா, எந்த ராசாவாச்சும் சோத்துக்கு வச்ச கருவாட்டைக் கடல்ல கொட்டச் சொல்லுவாரா? ராசா ஏத்தச் சொன்னதை ஏத்திட்டுப் போவத்தான் வந்தோம். தப்புன்னா என் தலை ஒண்ணு போதும், இவனுவளை விட்டுருங்க.”

துறைநாயகன் அவர்களை உப்புக் கொட்டகையில் காவலில் வைத்தான். கலத்தைத் திருப்பியவரைக் கல் கட்டிக் கடலில் எற்றுவது நம் கடற்சட்டம். மாடலனார் கரையேறிய கையோடு தேவருக்கு முறையீட்டு ஓலை எழுதி, விரைந்த குதிரையில் அனுப்பியும்விட்டார். அன்று மாலை துறைநாயகன் ஏற்றுக, எற்றுக என்னும் இரு சொற்களையும் புள்ளியின்றி அருகருகே எழுதி அவரிடம் நீட்டினான். பார்த்தார், முகம் சிவந்தது. குதிரையைத் திருப்ப முடியுமா என்று கேட்டார். அது ஆறு கடந்துவிட்டிருந்தது.

அன்று முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. உப்புக் கொட்டகையில் காவலில் இருந்த அறுபது பேரோ, அவருக்கென்று கருவாடு சுட்டு அனுப்பினார்கள். முதல் நாள் மூக்கைப் பொத்தினார். ஐந்தாம் நாள் ஒரு துண்டு. ஏழாம் நாள் இன்னும் இருக்கிறதா என்று ஆள் விட்டுக் கேட்டார்.

ஒன்பதாம் நாள் தேவரின் திருவோலை வந்தது. மணலில் அறுபது பேர், அவர்கள் பின்னே பெண்டிரும் பிள்ளைகளும். உரியவர் வாசிக்கட்டும் என்று துறைநாயகன் ஓலையை மாடலனார் கையில் கொடுத்தான். ஒரே வரி. அதை இரு முறை தமக்குள் படித்தார். பிறகு கரை முழுதும் கேட்க வாசித்தார்:

“கலத்தைத் திருப்பிய அறுபதின்மரையும் காலம் தாழ்த்தாது ஏற்றுக.”

துறைநாயகன் ஓலையை வாங்கிப் பார்த்தான். புள்ளி இல்லை. புள்ளி இல்லாத எகரம் நெடிலே என்பது இலக்கணம். இலக்கணத்தை மீற அவன் யார்? ஆணைப்படி காலம் தாழ்த்தாது அறுபது பேரும் கலத்தில் ஏற்றப்பட்டார்கள். நாற்பது மூட்டைக் கருவாடும் ஏறியது. மாடலனார் வடத்தின் முதல் ஆளாக நின்று பாடினார்; குரல் சகிக்கவில்லை, ஆயினும் பாய் கிழியாமல் ஏறியது.

திருவுள்ளத்தில் இருந்தது வேறு சொல்லாயின், கலம் இப்போது கூப்பிடு தூரத்தில் இல்லை. நான்கு திங்களில் திரும்பும். அதுவரை சினம் ஆறாதிருப்பின், புள்ளி குத்திய ஓலை ஒன்று துறைநாயகனின் பெயருக்கே வருக. அவன் தலை இங்கேயே இருக்கும். இனிக் கடலுக்குச் செல்லும் ஆணைகளிலேனும் எழுத்தர் புள்ளி குத்த அருளுமாறு வேண்டுகிறான். இவ்வோலையில் குத்தியதில் மூன்று இடம் கிழிந்தது, நூலால் தைத்திருக்கிறான்.

சங்கு பொறித்த துறை முத்திரை இட்டு, வாவல்மீன் கருவாடு இரண்டு கட்டுடன் விடுக்கப்பட்டது. அவற்றைத் தேவரின் மடைப்பள்ளியில் ஏற்றுக. இங்கே புள்ளி இல்லை. நெடில் என்றே கொள்க.